ஆரோக்கிய வனத்துக்கு முளை அடித்த வாரம்

திங்கட்கிழமை காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து புறப்பட்டோம். ஆண்டு 1974. பஞ்சாங்கத்தில் பிரமாதீச வருடம் மாசி மாதம். மலையாளக் கணக்கில் 1149 கும்பம். மூன்றையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லைப் பகுதியில் கோயில் ஒரு கணக்கையும், வில்லேஜ் ஆபீஸ் இன்னொன்றையும், பள்ளிக்கூடம் மூன்றாவதையும் பின்பற்றுகின்றன. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் மற்ற இரண்டு பேரும் நான் தேதியைத் தவறாகப் போட்டதாகச் சொல்வார்கள்.

அம்பாசடர் காரை ஓட்டியவர் என் தங்கை தெய்வானையின் கணவர் நாச்சிமுத்து. அவருக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த கட்டட நிபுணர் வரதன். பின்னிருக்கையில் நான், நிலத்தில் அளவு குறிக்க இருநூற்று ஐம்பது வேப்பமர முளைக்குச்சிகள், ஐந்தடி நீளமுள்ள ஒரு தகரக் குழல். குழலுக்குள் மாஸ்டர் பிளான் இருந்தது. அதை வளைக்கக்கூடாது, நனைக்கக்கூடாது, அதன்மேல் கை வைக்கக்கூடாது என்று வரதன் சொல்லியிருந்தார். ஆகவே மலை ஏறும்வரை நான்தான் வளைந்து உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பிளான் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் நாச்சிமுத்து உடம்பைக் குறைப்பதற்காகக் கோயமுத்தூர்ப் பக்கம் ஓர் இயற்கை வைத்திய விடுதியில் பதினைந்து நாள் தங்கினார். ஆறு கிலோ குறைந்து, ஒரு யோசனையோடு திரும்பினார்.

"மில் மொதலாளிக எல்லாம் காசு குடுத்துப் பட்டினி கெடக்கறாங்க மச்சான். வெள்ளரிக்காயும் சுடுதண்ணியுந்தான். அதுக்கு மூணு மாசம் முந்தியே பேரு பதிஞ்சு வெக்கோணும்."

"அது வைத்தியம் மாப்பிள்ளை."

"நானும் வைத்தியம்னுதானுங்க சொல்றேன். அதையே மலைமேல குளுகுளுன்னு வெச்சமுன்னா இன்னும் நல்லாப் பசிக்குமுங்க. பசிக்கப் பசிக்கப் பட்டினி போடலாம்."

சின்னக்கானலுக்கும் சாந்தன்பாறைக்கும் நடுவே அவருக்கு ஏற்கெனவே நாற்பது ஏக்கர் மலை நிலம் இருந்தது. யாரோ சொல்லி வாங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. அங்கே 'ஆரோக்கிய வனம்' கட்டுவதென்று தீர்மானித்துவிட்டார். கட்டுவதற்குத் தெய்வானையின் தென்னந்தோப்பை விற்பது. ஆறு ஏக்கர், எங்கள் அப்பா அவள் கல்யாணத்தின்போது அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. வாங்க ஆளும் தயார். அடுத்த திங்கட்கிழமை ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், பதிவு. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தெய்வானை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, அவரு சொல்றதக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அவரு சொல்லி எதுதான் நல்லால்லாம இருந்திருக்குது? நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. அங்க என்ன நடக்குதோ ஒன்னு உடாம எழுதிட்டு வாங்க. அதப் படிச்சுட்டுத்தான் நான் கையெழுத்துப் போடறதும் போடாததும்."

எங்கள் ஊர் வாசகசாலைக்கு நான் செயலாளர். பத்தொன்பது வருடமாக நாள்தோறும் மழை, காற்று, சாவு, திருமணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். அதைப் படித்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே புது நோட்டு ஒன்று வாங்கினேன்.

மறையூருக்கு முன்னாலுள்ள சோதனைச் சாவடியில் காரை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் சந்தனக் காடு. காவலர் முளைக்குச்சிக் கட்டுகளைப் பார்த்தார். மலையாளத்தில் கேட்டார்: "இது என்ன மரம்?"

"வேம்பு," என்றார் நாச்சிமுத்து.

"சந்தனக் காட்டுக்குள் கட்டை கொண்டு போகிறீர்கள். திரும்பி வரும்போது இதே கட்டைதான் வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு குச்சியையும் முகர்ந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதென்று முடிவாயிற்று. ஆனால் காவலருக்கு நல்ல ஜலதோஷம். பத்துக் குச்சிகளை முகர்ந்துவிட்டு, தனக்கு எதுவுமே மணக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். குளித்துக்கொண்டிருந்த இன்னொரு காவலரை அழைத்து வந்தார்கள். அவர் தலையில் எண்ணெயோடு வந்து இருநூற்று ஐம்பதையும் முகர்ந்தார். கடைசிக் கட்டை முடித்தபோது, "வேம்பில் இவ்வளவு கசப்பு வாசனை உண்டென்று இன்றுதான் தெரிந்தது, இனி எனக்குச் சோறு இறங்காது," என்றார். ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் இறங்கினோம். கரும்பு எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் எங்களுடையதை ஆலைக்கு ஏற்றிவிட்டால் பிறகு அதன் முகத்தைப் பார்க்க முடியாது. இங்கே கண்ணெதிரே கொப்பரையில் கொதித்து, மரத்தொட்டிக்கு மாறி, கைக்குள் உருண்டையாகிறது. சூடாக ஒரு கை கொடுத்தார்கள். வாயில் போட்டதும் பேச்சு நின்றுவிட்டது. நாச்சிமுத்து மூன்று உருண்டை சாப்பிட்டார். வனத்தின் விருந்தாளிகளுக்காக அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த உணவுப் பட்டியலில் முதல் வரி: 'இனிப்பு அறவே கூடாது.'

வரதன் வெல்லத்தைப் பார்க்கவில்லை. கொப்பரையைச் சுற்றி வேர்த்து ஒழுகி நின்ற ஆட்களைப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சதுரமாகச் சேர்த்து அதன் வழியே அவர்களைப் பார்த்தார். எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"நம்ம பிளானில் இதுக்கு வியர்வை மண்டலம்னு பேர்," என்றார். "நீராவிக் குளியல், மண் குளியல், எண்ணெய் மசாஜ் மூணும் ஒரே வரிசையில் வரும். அடுத்தது அமைதி மண்டலம். அதுக்கப்புறம் உணவு மண்டலம்."

அகப்பை பிடித்திருந்தவர் கேட்டுக்கொண்டே கிளறினார். "வேர்க்குறதுக்குக் காசா சார்? இங்கிட்டு அனுப்பி வைங்க. அகப்பையும் குடுத்துருவோம். ஒரு வாரத்துல எளச்சுருவாக," என்றார்.

வரதன் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். வெளிநாட்டில் படித்தவர். யார் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வார். நிலம் சொல்வதைத் தவிர. இது பிறகு தெரிந்தது.

அங்கேயே கார் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் ஓட்டை, உடுமலைப்பேட்டையிலிருந்து ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும் என்றார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு, இரவு தங்கி, செவ்வாய்க்கிழமை காலை மூணாறு பஸ்ஸில் ஏறினோம். குச்சிகள் பஸ்ஸின் கூரைக்குப் போயின. குழல் உள்ளே வந்தது. படுக்க வைக்க இடமில்லாததால் வரதன் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் இருந்த ஓர் அம்மாள் எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் குழலையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாயனக்காரகளா? எந்தக் கோயிலுக்கு வாரீக?"

"நாயனம் இல்லம்மா. பிளான்," என்றார் வரதன்.

"எங்க கோயில் கொடைக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காக. என்ன வாங்குவீக?"

"அம்மா, இது வாசிக்கிறது இல்ல."

"அப்ப ஒத்து ஊதுறவரா," என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "பாவம், நாயனக்காரர் உக்காந்துக்கிட்டு இவர நிக்க விட்டுட்டாரு." இருவரும் நாச்சிமுத்துவை அதிருப்தியோடு பார்த்தார்கள். அவர் எழுந்து வரதனுக்கு இடம் கொடுத்துவிட்டார். மூணாறு வரை நின்றுகொண்டே வந்தார்.

அங்கிருந்து ஜீப். சின்னக்கானலை நெருங்கியபோது தேயிலைச் சரிவுகள் சீவிய தலை மாதிரி இருந்தன. எங்கள் ஊரில் மாசியில் தென்னையை விட்டால் பச்சை என்று சொல்ல வேலிக்கள்ளிதான் இருக்கும். காற்று புழுதியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகும். இங்கே காற்றில் ஒரு தூசி இல்லை. பல் மட்டும் தந்தி அடித்தது. இந்த இடம் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது என்று நோட்டில் எழுதினேன். மாவட்டம் உண்டானது 1972 ஜனவரி 26 என்பதையும் எழுதினேன். ஜீப் ஓட்டியவர் இன்னும் கோட்டயம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலத்தை ஒட்டியிருந்த இரண்டு அறை வீட்டில் தங்கினோம். எங்களை எதிர்கொண்டவர் சுடலைமுத்து. வயது அறுபதுக்கு மேல். தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக, அதாவது ஆட்களை வைத்து வேலை வாங்குபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. பன்னிரண்டு ஆட்களைத் திரட்டி வைத்திருந்தார். அவர்களில் பேச்சியம்மா என்பவள் எங்களுக்குச் சமைக்கவும் ஒத்துக்கொண்டாள். அன்று மதியம் அவள் வைத்த கருவாட்டுக் குழம்புக்கு நாச்சிமுத்து மூன்று தடவை சோறு வாங்கினார்.

சாப்பிட்டபின் வரதன் குழலைத் திறந்து பிளானைத் தரையில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு பேர் உட்கார்ந்தோம். அழகான படம். மலைச்சரிவில் மரங்களுக்கு அடியில் ஓய்வுக் குடில்கள், வளைந்து போகும் நடைபாதை, தியான மண்டபம். சரிவின் மேல்முனையில், வானம் தெரியும்படி ஒரு வட்டக் குளம். கீழே சமதரையில் சாப்பாட்டு ஹாலும் வியர்வை மண்டலமும்.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். "இது என்ன சார் இங்க, பழுப்பா?"

"மண் குளியல். உடம்பு முழுக்கச் சேறு பூசிப் படுக்க வைப்போம்."

"படுத்து?"

"படுத்தா உடம்புச் சூடு தணியும்."

"எங்க சித்தி வீட்டு எரும தெனம் செய்யுது," என்றாள் பேச்சியம்மா. "அதுக்கு ஒரு நோவும் இல்லதான்."

புதன், வியாழன் இரண்டு நாளும் முளை அடித்தோம். வரதன் மூன்று கால் கருவிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டுவார். சுடலைமுத்து விசில் ஊதுவார். ஆள் குச்சியை வைத்துச் சுத்தியலால் அடிப்பான். சாப்பாட்டு ஹாலின் தூண்கள் பத்தடிக்குப் பத்தடி. குடில்களும் அதே கணக்கு. நடைபாதைக்குப் பத்தடிக்கு ஒன்று. குளத்துக்கு வட்டமாக இருபத்திரண்டு. மொத்தம் இருநூற்றுப் பதினாறு. நான் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு நோட்டில் வரைந்தேன். சுடலைமுத்துவின் ஒழுங்கைக் கண்டு வரதன் அசந்துபோனார். "சென்னையில் இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டான்," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

வியாழன் மாலை அவர் சுடலைமுத்துவிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "நாளைக்கு நாங்க மூணாறு போயிட்டு வந்துடுவோம். மேலே நாலைஞ்சு முளை சரியா இறங்காம நிக்குது. அதை அடிச்சு முடிச்சிடுங்க. அப்புறம் ஆக வேண்டியது உங்களுக்கே தெரியும்." ஆக வேண்டியது என்று அவர் சொன்னது, கருவிகளைத் துடைத்து உள்ளே வைப்பதை.

வெள்ளிக்கிழமை மூணாறில் சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட்டுவிட்டு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த இடைவெளியில் நாச்சிமுத்து புட்டும் கடலையும், பழம்பொரியும், பிறகு மறுபடி புட்டும் சாப்பிட்டார். விருந்தாளிகளுக்கு மலைக்காற்றில் எவ்வளவு பசிக்கும் என்று சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். கால் கிடைத்தபோது மறுமுனையில் பேசியவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாலை நாலு ஐம்பதுக்கு ஜீப் கடைசி வளைவைத் திரும்பியது. முதலில் பார்த்தவர் வரதன். அவர் விரல்கள் பழக்கத்தில் சதுரமாகச் சேர்ந்தன. பிறகு தானாகப் பிரிந்தன.

நிலம் முழுவதும் குழி. ஒவ்வொரு முளை இருந்த இடத்திலும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில், அதே ஆழத்தில், விளிம்பு சீவின மாதிரி, பக்கத்தில் மண் கூம்பாகக் குவித்து, இருநூற்றுப் பதினாறு குழி. சாப்பாட்டு ஹால் வரிசை வரிசையாகத் தோண்டப்பட்டிருந்தது. குளம் வட்டமாகத் தோண்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னய்யா இது?"

"குழி சார்," என்றார் சுடலைமுத்து.

"குழின்னு தெரியுது. எதுக்கு?"

"செடி வைக்கத்தான். வேற எதுக்குக் குழி வெட்டுவாக?"

"யார் வெட்டச் சொன்னது?"

"முளை அடிச்சா அடுத்தது குழி சார். நான் பதினாறு வயசுல மலை ஏறினவன். முளை அடிச்சிட்டுக் குழி வேண்டாம்னு சொன்ன துரைய நான் பாத்ததில்ல. ஆக வேண்டியது உங்களுக்கே தெரியும்னு நீங்களே சொன்னீகளே."

"இது கட்டடம். தூண் வர்ற இடம். இது சாப்பாட்டு ஹால்."

"நீங்க பத்தடிக்குப் பத்தடி அடிச்சீக. தேயிலைன்னா நாலடி. பத்தடின்னா ஏலச்செடி. இந்த மலையில பெறந்த பிள்ளைகிட்டக் கேளுங்க, சொல்லும்."

"வட்டமா அடிச்சேனே. ஏலத்தை யாராவது வட்டமா நடுவாங்களா?"

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். "அது மட்டும் எங்களுக்கும் வெளங்கல சார். மெட்ராஸ் படிப்பா இருக்கும்னு விட்டுட்டோம்."

"முளையெல்லாம் எங்கே? அதையாவது திரும்ப அடிக்கலாமே."

எல்லோரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். அவள் அடுப்பைப் பார்த்தாள். "காஞ்ச வேம்பு நல்லா நின்னு எரிஞ்சுது. அத்தன பேருக்கும் கட்டங்காப்பி போட்டேன். உங்களுக்கும் வச்சிருக்கேன், குடிங்க. காலையிலருந்து முதுகு ஒடிய வெட்டியிருக்கோம், ஒரு நல்ல வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிருவீகளா?"

நாச்சிமுத்துதான் அந்த நல்ல வார்த்தையைச் சொன்னார். காப்பியையும் குடித்தார். வரதன் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேச்சியம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். வழக்கமாக ஓடைக்குப் போய் வர அவளுக்கு அரை மணி ஆகும். அன்று ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். எங்கே மொண்டாய் என்று கேட்டேன்.

"சாப்பாட்டு ஹால்ல," என்றாள்.

மூன்று பேரும் ஓடினோம். கீழே சமதரையில் இருந்த குழிகளெல்லாம் நிறைந்து நின்றன. மழை இல்லை, நாற்பது நாளாக ஒரு துளி விழவில்லை என்று சுடலைமுத்து சொன்னார். அடியிலிருந்து ஊறிய தண்ணீர். வரதனின் அளவுகோலை வாங்கிக்கொண்டு நான் ஒன்று முதல் இருநூற்றுப் பதினாறு வரை அளந்தேன். எழுபத்தொரு குழிகளில் தண்ணீர். சாப்பாட்டு ஹால் முழுக்க. நீராவிக் குளியல் முழுக்க. மண் குளியல் தானாகவே தயாராகியிருந்தது. மேலே குளத்துக்குக் குறித்த இருபத்திரண்டு குழிகளில் ஒன்றிலும் ஈரமில்லை. பதினான்காவதில் ஓர் ஓணான் இருந்தது.

வரதன் என் பின்னாலேயே வந்தார். ஐம்பதாவது குழியைத் தாண்டும்போது அவர் முகம் மாறிவிட்டது. பரீட்சையில் தோற்றவர் விடைத்தாளைப் பார்க்கிற ஆவல் வந்துவிட்டது.

"இதுக்கு எங்க தொழில்ல சோதனைக் குழின்னு பேர் சார்," என்றார். "எந்தக் கட்டடத்துக்கும் முதல்ல வெட்ட வேண்டியது. நான் வெட்டலை. இவர் அவசரப்பட்டார், நானும் படத்துல சமதரையைப் பார்த்ததும் விழுந்துட்டேன். மலையில ஓர் இடம் சமமா இருந்தா, அது ஏன் சமமா இருக்குன்னு கேட்டிருக்கணும். இது சதுப்பு. ஹாலைக் கட்டியிருந்தா முதல் மழையில விருந்தாளிகளோட உள்ளே போயிருக்கும்."

நாச்சிமுத்து ஒரு குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கையை விட்டார். முழங்கைவரை நனைந்தது. ஒரு வாய் அள்ளிக் குடித்தார். எங்கள் ஊரில் அவர் கிணறு எழுபத்தைந்து அடி. மாசி பிறந்தால் அடியில் கல் தெரியும். மோட்டார் போட்டால் காற்றுத்தான் வரும்.

"மாசீலங்க மச்சான்," என்றார் கடைசியில். "ஒன்னரை அடீல."

ஆனாலும் மனிதருக்குச் சபலம் விடவில்லை. மில் முதலாளிகளிடம் சொல்லியாகிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் வனத்தை அப்படியே மேல்சரிவுக்குத் தள்ளிக் கட்டுவதென்று பேசத் தொடங்கிவிட்டார். முடியும் என்றார் வரதன். பாறையை உடைக்க வேண்டும், படி வெட்ட வேண்டும், செலவு கூடும், காலம் கூடும். தோப்பு போதுமா என்று நான் கேட்டதற்கு இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

புறப்படும்போது நாச்சிமுத்து என்னைத் தனியே அழைத்தார். "மச்சான், அந்தக் குழி விசயத்த மட்டும் கொஞ்சம் சுருக்கி எழுதிப்போடுங்க. தெய்வானை பயந்துக்குவா."

வரதனும் தயங்கித் தயங்கி வந்தார். "அது அவசியம் எழுதணுமா சார்? பொதுவா, 'மண் பரிசோதனை நடந்தது'ன்னு போட்டா போதாதா?"

எனக்கும் சங்கடம்தான். ஒருவர் தங்கை புருஷன். இன்னொருவர் ஒரு வாரத்தில் நண்பராகிவிட்டவர். ஆனால் நூற்று நாற்பத்தைந்து குழியை எழுதிவிட்டு எழுபத்தொன்றை விட்டுவிட முடியாது. கூட்டல் வராது. மறையூருக்கு வரும் வழியெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்து ஓணான் உட்பட எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் எடுத்தெழுதினேன். உண்மையைச் சொன்னால், எழுத எழுத எனக்கு ஒரு திருப்தி. இதைப் படித்தால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். நிலத்தையே விற்றுத் தொலைக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலை நாலரை மணிக்குத் தெய்வானை நோட்டை வாங்கிக்கொண்டாள். கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வரதனின் ரயில் இரவில். முடிவைக் கேட்டுவிட்டுப் போக விரும்பினார். அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். நாயனக்காரர் இடத்தில் சிரித்தாள். மூன்று உருண்டை வெல்லத்திலும் மூன்று தடவைச் சோற்றிலும் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். சனிக்கிழமைப் பக்கத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. திரும்பப் படித்தாள்.

"ஏனுங்ண்ணா, இந்த எழுவத்தொரு குழித் தண்ணியும் மாசிலதானா?"

"மாசிதான். தேதி போட்டிருக்கிறேனே."

"மழை கிழை?"

"இல்லை. நாற்பது நாளாக இல்லை. அதுவும் இருக்கிறது, அடுத்த வரியில்."

"அந்தப் பெரியவர் ஏலத்துக்குப் பத்தடின்னது?"

"அதுவும் அவர் சொன்னபடியே."

நோட்டை மூடினாள். "ஏனுங்க," என்றாள் நாச்சிமுத்துவிடம். "தண்ணி ஒன்னரை அடீல நிக்குது. மேல நெழலுக்கு மரம் நிக்குது. பத்தடிக்கு ஒரு குழியும் வெட்டியாச்சு. இனி அதுமேல எதுக்குங்க கட்டடம்?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அது அவள் மடியில் இருந்தது.

"மில் மொதலாளிககிட்டச் சொல்லிட்டனே தெய்வானை."

"அவிங்க பட்டினி கெடக்கறதுக்கு வேற எடமா இல்லீங்க? ஏலத்த வைங்க. கீழ தண்ணி ஊறற எடத்த அப்புடியே உட்டுருங்க, அதுதான் கொளம். கட்டடத்துக்குத்தான தோப்பு கேட்டீங்க? நாத்துக்கு வேண்டியதில்லீங்களே."

நிலத்தை விற்கச் சொல்லுவாள் என்று நான் எழுதிய அத்தனை வரியையும் அவள் விவசாயியாகப் படித்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை. நாச்சிமுத்துவுக்குச் சனிக்கிழமை காலை ஒரு நிமிடம் தோன்றியது, பிறகு மறந்துவிட்டார்.

வரதன்தான் முதலில் பேசினார். "அம்மா சொல்றது சரி. கீழ்க் குழிகள்ல செடி வைக்க வேண்டாம், வேர் அழுகிடும். குளத்தையும் ஹாலையும் நான் மாத்தி வரைஞ்சு அனுப்பறேன்."

"ஏனுங்க சார், கட்டடந்தான் இல்லீன்னு ஆயிருச்சே?"

"இருக்கட்டும்மா. தப்பா வரைஞ்சதை அப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

திங்கட்கிழமை ஆதாரம் பதிவாகவில்லை. சொன்னபடி மூன்றாம் வாரம் தபாலில் படம் வந்தது. குளம் கீழே, செடிகள் புள்ளி புள்ளியாக மேலே. வட்டத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. மேல்முனையில் இருபத்திரண்டு ஏலச்செடிகளை வட்டமாகவே போட்டிருந்தார்.

இரண்டரை வருடம் கழித்து, 1976 ஆவணியில், முதல் காய் எடுக்கும்போது தெய்வானையை அழைத்துக்கொண்டு போனேன். அவள் மலை ஏறியது அதுதான் முதல் தடவை. காலையில் சுடலைமுத்து விசில் ஊதி ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். பிளானில் கண்ட பெயர்கள்தான் அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் பெயராக நின்றுவிட்டன.

"குடிலுக்கு நாலு பேரு போங்க. நடைபாதைக்கு ரெண்டு பேரு. ஏய், தியானத்துல களை எடுத்து முடிச்சாச்சா? பேச்சி, சாப்பாட்டு ஹால்ல ரெண்டு கொடம் மோந்து வையி."

தெய்வானை சரிவெல்லாம் சுற்றினாள். காயை உரித்து முகர்ந்தாள். எழுபத்தொரு குழியும் ஒன்றாகி நின்ற தண்ணீரில் முகம் கழுவினாள். மதியம் கால் வலிக்கிறது என்று, ஒரு பெரிய மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏனுங்ண்ணா, இந்த எடத்துக்கு அந்தப் படத்துல என்ன பேரு?"

நான் பழைய நோட்டைப் புரட்டி, எண் நூற்று அறுபத்துமூன்றைத் தேடி எடுத்தேன். "ஓய்வுக் குடில்."

"அப்ப செரியாத்தான போட்டிருக்காரு," என்று சொல்லிவிட்டு, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.